வில்லுக்கு லைசென்ஸ் தேவையில்லை

துவக்கு வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். துவக்குகள் பற்றிய 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது. இடையிடையே திருத்தப்பட்டு இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. காட்டுப்பன்றியிடமிருந்து தோட்டத்தைக் காக்க ஒரு பழைய துவக்கு வைத்திருக்கிற விவசாயிகூட அதைப் பதிய வேண்டும், அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும்.

சரி, வில்லுக்கு?

அந்தச் சட்டம் பேசுவது குழல் உள்ள ஆயுதங்களைப் பற்றி. வில்லுக்குக் குழல் இல்லை. ஆகவே அந்தச் சட்டத்தின் கண்ணில் வில் ஒரு துவக்கு அல்ல. ஒரு கம்பை வளைத்து, நாண் கட்டி, வீட்டுச் சுவரில் கொழுவி வைத்தால் அதுக்கு லைசென்ஸ் எங்கே என்று யாரும் கேட்கப் போவதில்லை.

கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தீவில் வில்லையே வாழ்க்கையாக வைத்திருந்த ஒரு சமூகம் இருக்கிறது. மகியங்கனைக்குக் கிழக்கே தம்பானையில் அவர்களைப் பார்க்கலாம். தோளில் கோடரி, கையில் வில். அந்த வில்லுக்கு லைசென்ஸ் இல்லை, வரி இல்லை. ஆனால் அந்த வில்லோடு அவர்களின் பாட்டன் வேட்டைக்குப் போன காட்டுக்குள் அவர்கள் போனால் அது குற்றம். ஒரு பொருளை வைத்திருக்கிற உரிமை வேறு, அதைப் பாவிக்கிற உரிமை வேறு. முதலாவதை விட்டுவைத்து இரண்டாவதை எடுத்துவிடலாம். இலங்கையில் நடந்தது அதுதான். அது எப்படி நடந்தது, அதில் எங்களுக்கு என்ன இருக்கிறது என்று பார்ப்பம்.

கொட்டியாரத்தில் பிடிபட்டவர் எழுதியது

மூதூர்ப் பக்கத்துக் கொட்டியாரக் குடாவில் 1660இல் ஒரு ஆங்கிலக் கப்பலின் ஆட்களைக் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அதில் ஒருவர் ரொபர்ட் நொக்ஸ். ஏறத்தாழ இருபது வருடம் கண்டி இராச்சியத்துக்குள் சிறையில்லாத சிறையில் இருந்து, 1679இல் தப்பி, 1681இல் லண்டனில் ஒரு புத்தகம் வெளியிட்டார். இலங்கை வரலாறு படிக்கிற எல்லாரும் எங்கேயாவது ஒரு இடத்தில் நொக்ஸைச் சந்தித்தே ஆக வேண்டும்.

வேடரைப் பற்றி அவர் சொல்வதில் பிரபலமான கதை ஒன்று உண்டு. அம்பு முனை தேவைப்பட்டால் வேடர் இரவில் கொல்லனின் பட்டறைக்கு வருவார்கள். இறைச்சியைக் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் தங்களுக்கு வேண்டிய அம்பு முனையின் வடிவத்தில் வெட்டிய இலை ஒன்றையும் வைத்துவிட்டுப் போவார்கள். கொல்லன் அதே வடிவத்தில் செய்து வைத்தால் பிறகும் இறைச்சி வரும். செய்யாவிட்டால் இன்னொரு இரவில் அம்பு வரும். இதைப் பள்ளிக்கூடப் புத்தகப் பாணியில் ‘மௌன வியாபாரம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்த இலையைக் கொஞ்சம் யோசியுங்கள். அது ஒரு அளவுத்திட்டம். தனக்கு என்ன வேண்டும் என்பதில் அவ்வளவு துல்லியம் இருந்திருக்கிறது. மன்னன் ஒருமுறை தன்னிடமிருந்த திறமான அம்பு முனைகளைப் பரிசாகக் கொடுத்தானாம். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆற்றங்கரைப் பாறையொன்றில் எல்லாவற்றையும் தேய்த்துத் தங்கள் வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்று நொக்ஸ் எழுதுகிறார்.

நொக்ஸ் சொல்லும் இன்னொரு விசயம் அவ்வளவு பிரபலமில்லை. எங்களுக்கு அதுதான் முக்கியம். வேடருக்குக் காட்டுக்குள் எல்லைகள் இருந்தன. ஒரு கூட்டம் தன் எல்லைக்கு வெளியே அம்பு விடவோ தேன் எடுக்கவோ பழம் பறிக்கவோ கூடாது. எல்லையோரம் நின்ற ஒரு பலாமரத்தில் ஒருவன் காய் பறிக்க, மற்றக் கூட்டத்துக்காரன் ‘இது எங்கட மரம்’ என்று தடுக்க, வாய்த்தர்க்கம் கைகலப்பாகி, ஒருவன் மற்றவன் மீது அம்பெய்தான். பிறகு இரு பக்கமும் கூடிச் சண்டை பிடித்ததில் இருபது முப்பது பேர் அந்த இடத்திலேயே செத்துப்போனார்கள்.

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘ஆதிவாசி எண்டால் சாந்தமானவர், இயற்கையின் பிள்ளை’ என்று எழுதுவது இப்ப ஒரு பழக்கமாகிவிட்டது. வில் ஆளைக் கொல்லும். அதைப் பிடித்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தபடியால்தான் எல்லை வகுத்தார்கள். அந்தப் பலாமரக் கதை அவர்களிடம் சட்டம் இல்லை என்பதற்கு ஆதாரம் இல்லை. இருந்த சட்டம் ஒருநாள் உடைந்துபோனதற்கான ஆதாரம்.

எழுதப்படாத சட்டம்

நொக்ஸுக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் பிற்பட்டு, 1907–08இல் சார்ள்ஸ் செலிக்மனும் பிரெண்டா செலிக்மனும் இந்தக் காடுகளுக்கு வந்தார்கள். அவர்களின் ‘வேடர்கள்’ என்ற பெரிய ஆங்கில நூல் 1911இல் கேம்பிரிட்ஜில் வெளியானது. காலனிய மானிடவியலின் எல்லாக் குறைகளும் அந்த நூலில் இருக்கின்றன. ஆட்களின் தலையை அளந்து அட்டவணை போடுவது உட்பட. ஆனால் நிலம், வேட்டை, பங்கு பற்றி அவர்கள் கேட்டு எழுதியவை பெறுமதியானவை.

அதன்படி காடு ஆளில்லாத வெட்டைவெளியாக இருக்கவில்லை. இன்ன மலை முதல் இன்ன ஓடை வரை இன்ன குடும்பத்துக்கு என்று பிரிக்கப்பட்டிருந்தது. எல்லை மரங்களில் வில்லை வளைத்து நிற்கும் மனித உருவத்தை வெட்டி அடையாளம் வைத்தார்கள். உலகத்தில் எத்தனையோ விதமான எல்லைக்கல் உண்டு. இங்கே எல்லைக்கல்லே வில்தான். அடிபட்ட மிருகம் அயலவரின் நிலத்துக்குள் ஓடிப்போய் விழுந்தால் அந்த நிலத்துக்காரருக்கும் இறைச்சியில் ஒரு பங்கு போகும்.

வேட்டைக்கு வழிபாடும் இருந்தது. கண்டே யகா என்பவர் முற்காலத்து மகா வேட்டைக்காரர், இறந்து தெய்வமானவர். வேட்டை வாய்க்க அவரை வேண்டுவார்கள். கிரிகொரஹ என்ற சடங்கில் தேங்காய்ப்பால் பாத்திரத்தைச் சுற்றி, கையில் அம்போடு ஆடுவார்கள். இறைச்சி கிடைத்தது தன் கைத்திறனால் மட்டுமில்லை, முன்னோரின் தயவாலும்தான் என்பது அதன் பொருள்.

இதோடு வில்லின் இயல்பையும் சேர்த்துப் பாருங்கள். வேடரின் வில் கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரம். நாண் மரப்பட்டை நாரில் திரித்தது. அம்பு நீளமானது, முனையில் இரும்பு. இப்படியான வில்லோடு மானை விழுத்த வேண்டுமென்றால் மிகக் கிட்டப் போக வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, சருகு சத்தம் போடுமா, அது குட்டி போட்ட மானா என்பதெல்லாம் தெரிந்துதான் அம்பு விட முடியும். பிழைத்தால் இரண்டாம் அம்புக்கு மான் நிற்காது.

இதுக்கு நேரெதிர் கட்டுத்துவக்கு. கம்பி ஒன்றை இழுத்துக் கட்டிவிட்டு ஆள் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம். கம்பியில் தட்டுவது பன்றியா, மாடா, விறகு பொறுக்கப் போன மனிசியா என்று துவக்குக்குத் தெரியாது. கம்பிக் கண்ணியும் அப்படித்தான். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஓர் அரிய கருஞ்சிறுத்தை கண்ணியில் சிக்கி, காப்பாற்றப்பட்டும் பிழைக்காமல் செத்தது. யாரோ பன்றிக்கோ வேறெதுக்கோ வைத்த கண்ணி.

வில்லில் மட்டும் எய்பவரின் கண் முன்னால்தான் சாவு நடக்கும். யார் எய்தது என்ற கேள்விக்குப் பதில் அம்பிலேயே இருக்கும். பொறுப்பு என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

வில்லைக் கட்டாயமாக்கிய அரசு

இந்த எழுதப்படாத சட்டத்தின் மேல் பிறகு எழுதப்பட்ட சட்டம் ஒன்று வந்து உட்கார்ந்தது. அதை எழுதியவர்கள் ஆங்கிலேயர். அவர்களுக்கு வில் புதிதில்லை. சொல்லப்போனால் வில்லைப் பற்றி இவ்வளவு சட்டம் போட்ட நாடுகள் உலகத்தில் குறைவு. ஆகவே கொஞ்சநேரம் இங்கிலாந்துக்குப் போய் வருவம்.

1184இல் இரண்டாம் ஹென்றி மன்னன் வூட்ஸ்டொக்கில் பிறப்பித்த ஆணையின்படி, அரசனின் வனங்களுக்குள் யாரும் வில்லும் அம்பும் வைத்திருக்கக் கூடாது. இங்கே வனம் என்றால் மரம் நிற்கிற இடமெல்லாம் இல்லை. அரசன் வேட்டையாடுவதற்கு என்று சட்டத்தால் ஒதுக்கப்பட்ட நிலம். அதுக்குள் ஊர்களும் இருந்தன, வயல்களும் இருந்தன. அங்கே பரம்பரையாக இருந்தவர்கள் ஒருநாள் காலையில் எழும்பும்போது ‘அரச வனத்துக்குள் அத்துமீறியவர்கள்’ ஆனார்கள்.

நூறு வருடம் கழித்து நிலைமை தலைகீழ். அரசுக்கு இப்போது வில்லாளிகள் தேவை. 1285இன் வின்செஸ்டர் சட்டம் ஒவ்வொருவரும் தங்கள் வசதிக்கேற்ற ஆயுதம் வைத்திருக்க வேண்டும் என்றது. வசதி குறைந்தவனுக்கு வில்லும் அம்பும். ஆனால் அதே வரியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வனத்துக்கு வெளியே இருப்பவன் சாதாரண அம்பு வைத்திருக்கலாம். வனத்துக்குள்ளே இருப்பவனுக்கு வேறு வகை, மானைக் கொல்ல உதவாத மொட்டை முனை என்றுதான் அதை வழமையாக விளங்கிக்கொள்கிறார்கள். ஆளும் அதே ஆள், வில்லும் அதே வில். நிற்கிற நிலத்தைப் பொறுத்து அம்பின் முனை மாறுகிறது.

1363இல் மூன்றாம் எட்வர்ட் விடுமுறை நாட்களில் பந்து விளையாடி நேரத்தை வீணாக்காமல் எல்லாரும் வில் பழக வேண்டும் என்று உத்தரவிட்டான். 1541இல் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஏழு வயதுக்கு மேற்பட்ட ஆண்பிள்ளைகளுக்குத் தகப்பன் வில்லும் இரண்டு அம்பும் வாங்கிக் கொடுக்க வேண்டும். இருபத்துநாலு வயதைத் தாண்டியவர் 220 யாருக்குக் குறைந்த தூரத்து இலக்கில் பழகக் கூடாது. இப்ப வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைக்கு அடி விழுகிற மாதிரி அப்ப வில் இல்லாத தகப்பனுக்குத் தண்டம்.

இதுக்கு நடுவில் 1217இல் வனப் பட்டயம் என்று ஒன்று வந்தது. அரசனின் மானைக் கொன்றதற்காக இனி யாரும் உயிரையோ உறுப்பையோ இழக்கக் கூடாது என்றது. வனத்துக்குள் மாடு மேய்க்கவும் விறகு எடுக்கவும் சுதந்திரக் குடிகளுக்கு இருந்த வழமையான உரிமைகளையும் ஏற்றது. அரசனாக விரும்பிக் கொடுத்ததில்லை, பிரபுக்கள் கிளர்ந்து உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் வந்தது.

அந்த நாட்டுச் சட்டத்துக்கு இரண்டு விசயம் தெரிந்திருந்தது என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னோம். ஒன்று, வில்லைப் பறிக்காமலே வில்லாளியைக் கட்டலாம், நிலத்தை எடுத்தால் போதும். இரண்டு, காட்டோடு வாழ்கிறவனுக்குக் காட்டில் உரிமை உண்டு. இலங்கைக்குக் கப்பலேறி வந்தது முதலாவது மட்டும்தான்.

காடு முடிக்குப் போன கதை

1815இல் கண்டி வீழ்ந்தது. 1817இல் ஊவாவில் கிளர்ச்சி வெடித்தபோது அதை விசாரிக்கப் போன பதுளை அதிகாரி சில்வெஸ்டர் வில்சன் அம்படிபட்டுச் செத்தார். துவக்கும் பீரங்கியும் வைத்திருந்த ஒரு சாம்ராச்சியத்தின் அதிகாரியை ஊவாக் காட்டில் ஒரு அம்பு விழுத்தியது. கிளர்ச்சி பிறகு மிகக் கொடூரமாக நசுக்கப்பட்டது.

ஆனால் வேடரின் வில்லை உண்மையில் வென்றது அந்தப் படை இல்லை, ஒரு தாள். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச்சட்டம். காடு, தரிசு, பயிர் செய்யப்படாத, குடியிருப்பில்லாத நிலம் எல்லாம் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குச் சொந்தம் என்று கொள்ளப்படும் என்றது அந்தச் சட்டம். கோப்பித் தோட்டங்களுக்குக் காணி தேவைப்பட்ட காலம் அது. ‘மறுதலையாக நிரூபி’ என்றால் உறுதி காட்டு, பயிர் காட்டு, வேலி காட்டு என்று பொருள். மரத்தில் வெட்டிய வில்லாளியின் உருவத்தை எந்தக் கச்சேரியும் உறுதியாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு காட்டில் என்ன நடந்தது? மேஜர் தோமஸ் றொஜர்ஸ் என்ற ஒரே அதிகாரி, 1845இல் இடி விழுந்து சாகுமுன், ஆயிரத்து நானூறு யானைகள்வரை சுட்டார் என்று சொல்லப்படுகிறது. சாமுவேல் பேக்கர் தன் வேட்டை வீரத்தைப் பற்றிப் புத்தகமே எழுதினார். அரசாங்கமே யானைத் தலைக்குப் பணம் கொடுத்தது. காலனியச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்குத் தருகிறார்: 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன. வட மாகாணம். எங்கட வன்னி.

காடு வெறுமையாகத் தொடங்கியதும் கவலை வந்தது. 1894இல் வேட்டை மிருகங்களைக் காக்கும் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் முன்னுக்கு நின்றவர்கள் வேட்டைக்காரக் கனவான்கள்தான். 1900இல் யால ஒதுக்கிடமானது. பக்கத்திலேயே நாட்டில் வசிக்கும் ‘விளையாட்டு வேட்டைக்காரருக்கு’ என்று தனியாக ஓர் ஒதுக்கிடமும் இருந்தது. 1907இல் வனக் கட்டளைச்சட்டம். 1937இல் 2ஆம் இலக்க வனஜீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம். இன்றைக்கும் நாட்டின் காட்டுயிர்ச் சட்டத்தின் அடித்தளம் இதுதான்.

காட்டை வெறுமையாக்கியது வெள்ளைக்காரரின் றைபிள். அதுக்கான தண்டனை விழுந்தது வேடரின் வில்லில். வேட்டைக்கான தடை துவக்கு, வில், கண்ணி என்று பார்க்கவில்லை. பொழுதுபோக்கு, வியாபாரம், பசி என்றும் பார்க்கவில்லை. சமத்துவமான சட்டம் மாதிரித் தெரியும். ஆனால் வாரவிடுமுறையில் சுடுகிறவருக்கு அது ஒரு பொழுதுபோக்கைத்தான் நிறுத்தியது. காட்டைத் தவிர வேறு கடை தெரியாதவருக்கு அது அடுப்பையே நிறுத்தியது.

பார்வையாளருக்கு மட்டும் அனுமதி

சுதந்திரம் வந்தது. வேடருக்கு எதுவும் திரும்பி வரவில்லை.

1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. கல்லோயா எண்டதும் எங்களுக்கு நினைவுக்கு வருவது குடியேற்றமும் 1956 வன்முறையும். அது சரிதான், அதை மறக்க ஏலாது. ஆனால் சேனநாயக்க சமுத்திரத்தின் நீருக்கு அடியில் போன காட்டில் வேடரின் வேட்டை நிலமும் தேன் மலைகளும் இருந்தன என்பதை எங்கள் அரசியல் எழுத்தில் தேடினால் அருமையாகத்தான் கிடைக்கும். இரண்டு பெரிய இனங்கள் காணிக்கு அடிபட்ட கதைக்குள் மூன்றாவது ஆட்கள் காணாமல் போனார்கள்.

பிறகு மகாவலி. நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காக்கவும், அபிவிருத்தியால் இடம்பெயரும் மிருகங்களுக்கு இடம் கொடுக்கவும் 1983 நவம்பர் 9ஆம் திகதி மாதுறு ஓயா தேசிய பூங்கா பிரகடனமானது. ஏறத்தாழ 58,850 ஹெக்டெயர். அதுக்குள் தம்பானை வேடரின் கடைசிப் பெரிய காடும் இருந்தது. குடும்பங்கள் ஹெனானிகல போன்ற குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. கொஞ்ச நெல் வயல், ஒரு வீடு. தலைவர் திஸாஹாமி மட்டும் தன் ஆட்கள் சிலரோடு போகமாட்டேன் என்று இருந்துவிட்டார்.

தேசிய பூங்கா பற்றிச் சட்டம் சொல்வதை இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். அங்கே ஒருவர் நுழையலாம், அனுமதிச்சீட்டோடு, அங்குள்ள விலங்குகளையும் தாவரங்களையும் பார்ப்பதற்காக. பார்க்க. அந்தச் சட்டத்துக்குத் தெரிந்த மனிதர் பார்வையாளர்தான். கொழும்பிலிருந்து கமராவோடு வருகிறவருக்கு அந்தக் காட்டில் சட்டபூர்வமான இடம் உண்டு. அங்கேயே பிறந்தவருக்கு, அவரும் டிக்கெட் எடுத்துப் பார்வையாளராக மாறினால்தான் இடம்.

1996இல் திஸாஹாமியின் மகன் ஊருவரிகே வன்னில அத்தோ ஜெனீவாவுக்குப் போய் ஐக்கிய நாடுகள் சபையின் பூர்வகுடிகள் பற்றிய செயற்குழுவில் பேசினார். 1998இல் திஸாஹாமி காலமானார், மகன் தலைவரானார். 2007இல் பூர்வகுடிகளின் உரிமைப் பிரகடனம் ஐ.நா. பொதுச்சபையில் நிறைவேறியபோது இலங்கையும் ஆதரவாகக் கை உயர்த்தியது. பரம்பரையாகப் பாவித்த நிலத்தில் பூர்வகுடிகளுக்கு உரிமை உண்டு என்கிற பிரகடனம் அது. நியூயோர்க்கில் உயர்த்திய கை மாதுறு ஓயாவுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இதுக்கிடையில் வில்லுக்கு ஒரு புதிய வேலை கிடைத்தது: காட்சிக்கு நிற்பது. இதுவும் புதிதில்லை. செலிக்மன் தம்பதியினரே நூறு வருடத்துக்கு முதல் இதைக் கவனித்திருக்கிறார்கள். தம்பானையில் சிலர், வெள்ளைக்காரப் பயணிகள் வரும்போது ‘காட்டுமனிதராக’ வந்து நிற்கப் பழகியிருந்தார்கள். இன்றைக்கும் உல்லாசப் பயணிகளுக்கு அம்பெய்து காட்டுகிறார்கள். அதில் வருகிற காசு அவர்களுக்குத் தேவை, அதைக் குறை சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. எங்கள் கேள்வி சட்டத்திடம். அதே கை, அதே வில், அதே அம்பு. இலக்குப் பலகையில் பாய்ந்தால் பாரம்பரியம், மான் மீது பாய்ந்தால் மறியல்.

பெயரில்கூட இந்தச் சிக்கல் இருக்கிறது. அவர்கள் தங்களை வன்னியலத்தோ, அதாவது காட்டின் மக்கள், என்கிறார்கள். நாங்கள் வைத்த பெயர் வேடர். வேட்டையாடுகிறவர் என்று அர்த்தம். காட்டின் மக்களுக்குக் காடு இல்லை. வேட்டையாடுகிறவருக்கு வேட்டை இல்லை. பெயர் மட்டும் மிச்சம்.

எங்கட பக்கத்துக் கேள்வி

இதை வாசிக்கிற சிலருக்கு ‘இது சிங்கள அரசும் தம்பானை ஆக்களும் பட்ட பாடு, எங்களுக்கென்ன?’ என்று தோன்றலாம்.

முதலாவது, வாகரை, கதிரவெளி, மூதூர் கிழக்குப் பக்கம் தமிழ் பேசும் வேடர் இருக்கிறார்கள். கரையோர வேடர் என்று ஆய்வாளர் எழுதுவது இவர்களைத்தான். கடலும் சேனையும் தேனுமாக வாழ்ந்தவர்கள். போரில் மற்றத் தமிழர் பட்ட இடப்பெயர்வை அவர்களும் பட்டார்கள். ஆனால் எங்கள் சாதிக் கணக்கில் அவர்களுக்குக் கிடைத்த இடம் எதுவென்று கிழக்கில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். கதிர்காமத்தில் வள்ளியை வேடர் மகள் என்று கும்பிடுகிறோம். வேடர் மகள் எங்கள் வகுப்பில் பக்கத்து வாங்கில் வந்து இருந்தால் என்ன செய்கிறோம்?

இரண்டாவது, ஒரு வர்த்தமானியால் காணி போவது எப்படியிருக்கும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. சுண்டிக்குளம், மடு வீதி, நெடுந்தீவு எல்லாம் 2015இல் தேசிய பூங்காக்களாயின. வடக்கிலும் கிழக்கிலும் இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்கள், தங்கள் வயல் பற்றை மூடிக் கிடந்த காலத்தில் வனவளத் திணைக்களத்தின் எல்லைக் கல் உள்ளே வந்திருப்பதைக் கண்டார்கள். ‘ஆளில்லை, பயிரில்லை, ஆகவே அரசுக்கு’ என்ற 1840இன் தர்க்கம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. எங்கள் வயலுக்கு அது அநியாயம் என்றால், வேடரின் காட்டுக்கும் அது அநியாயம்.

‘அப்படியெண்டால் காட்டைத் திறந்துவிட்டு எல்லாரையும் வேட்டையாடச் சொல்லுறீங்களா?’ என்று கேட்பீர்கள். இல்லை. காடு சுருங்கிவிட்டது. மரை குறைந்துவிட்டது. காட்டு இறைச்சி ஒரு வியாபாரமாகிவிட்டது, அதில் துவக்கும் கண்ணியும் பணமும் இருக்கிறது. வேடரிலும் துவக்குப் பிடித்தவர்கள் உண்டு, இறைச்சி விற்றவர்கள் உண்டு. 1681இல் நின்ற இடத்தில் யாரையும் நிற்கச் சொல்ல முடியாது. வில்லைக் கையில் கொடுத்தால் காடு தானாகப் பிழைத்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை.

நாங்கள் சொல்வது வேறு. பொறுப்பு என்பது ஆயுதத்தில் இல்லை. எல்லை எது, பங்கு யாருக்கு, எப்போது கை வைக்கக் கூடாது என்று சேர்ந்து வாழ்கிறவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்கிற விதியில் இருக்கிறது. அப்படியொரு விதி இந்தத் தீவில் இருந்தது. சட்டம் அதைத் தேடிப் பார்க்காமலே ‘இங்கே எதுவும் இல்லை’ என்று எழுதிக்கொண்டது. இன்றைக்கு மாதுறு ஓயாவுக்கு ஒரு புதிய ஒழுங்கு எழுதுவதென்றால் முதலில் கேட்க வேண்டியது அந்தக் காட்டை அறிந்தவர்களிடம். எந்த மிருகம், எந்த மாதம், எவ்வளவு, விற்பனைக்கா வீட்டுக்கா, வில்லாலா வேறெதாலுமா, மீறினால் என்ன? இவற்றுக்கு அவர்களிடமிருந்து வரும் பதில் திணைக்களத்தின் பதிலைவிடக் கடுமையாகக்கூட இருக்கலாம். பலாமரத்தடியில் இருபது முப்பது பேரைப் புதைத்த சமூகத்துக்கு எல்லையின் விலை தெரியும்.

அதுவரைக்கும் சட்டம் அவர்களுக்கு விட்டுவைத்திருப்பது லைசென்ஸ் தேவையில்லாத ஒரு வில்லை மட்டும்தான். அடுத்தமுறை கிழக்குக்கோ மகியங்கனைப் பக்கமோ போகிறவர்கள், அந்த வில்லோடு நின்று படம் எடுக்க முதல், அதைப் பிடித்திருப்பவரிடம் ‘ஐயா, உங்கட காடு எதுவரைக்கும் இருந்தது?’ என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். அவர் கையை நீட்டிக் காட்டுகிற திசையில் இப்ப என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து எங்களுக்கும் எழுதுங்கள்.